சட்டம் எட்டாத ஊர்

ஈரோடு,
16-10-1929

சிரஞ்சீவி சேஷுவுக்கு அக்கா வாலாம்பாள் அநேக ஆசீர்வாதம். இங்கே அவர், நான், குழந்தை தையு எல்லோரும் சௌக்கியம். உன் க்ஷேமமும் அன்னபூர்ணியின் க்ஷேமமும் எழுதவும்.

நீ அனுப்புகிற ‘சாமுண்டி மித்திரன்’ வாராவாரம் தவறாமல் வந்து சேருகிறது. விளக்கு வைத்ததும் தையு உட்கார்ந்து உன் ‘தேசமும் நாமும்’ பகுதியை உரக்கப் படிக்கிறாள். உன் அத்திம்பேர் வெற்றிலையை மென்றுகொண்டே கண்ணை மூடிக் கேட்பார். முடிந்ததும், “உன் தம்பி வைஸ்ராய்க்குப் புத்தி சொல்லிவிட்டான். அவர் திருந்தினாரா என்று அடுத்த வாரம் பார்ப்போம்” என்பார். சொல்வாரே தவிர, பேப்பர் ஒரு நாள் தாமதமானால் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடப்பதும் அவர்தான். தாலுகா கச்சேரியில் உட்கார்ந்து பிறத்தியார் மனுவைப் படித்தே தேய்ந்த மனுஷர். உன் எழுத்தாவது யாரிடமும் எதையும் கேட்காமல் இருக்கிறதே என்று அவருக்கு ஓர் ஆறுதல்.

இந்த வாரம் சாரதா சட்டத்தைப் பற்றி எழுதியிருந்தாய். பதினாலு ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்தால் அபராதம், ஜெயில், ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அமல் என்று தையு நிறுத்தி நிறுத்திப் படித்தாள். முடித்துவிட்டு, “அம்மா, எனக்குப் பன்னிரண்டுதானே?” என்று கேட்டாள். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஏன் என்று சொல்கிறேன். கரூர் வக்கீல் ஒருவரின் பிள்ளைக்கு அவள் ஜாதகம் பொருந்தியிருக்கிறது. பையன் பேர் ஜகதீசன். திருச்சியில் காலேஜில் படிக்கிறான். நல்ல குடும்பம். சட்டம் வருவதற்குள் முடித்துவிட வேண்டுமென்று ஊரே பறக்கிறதில் மேளக்காரன் கிடைக்கவில்லை, சமையற்காரன் கிடைக்கவில்லை. எங்களுக்கு மாசிக் கடைசியில்தான் முகூர்த்தம் கிடைத்தது. நீ எழுதினது உன்னோடு இருக்கட்டும். மாமாவாக லட்சணமாக வந்து நின்று, குழந்தையைத் தோளில் தூக்கி மாலை மாற்றிவிட்டுப் போ.

அன்புள்ள அக்கா,
வாலாம்பாள்

—

மைசூர்,
24-10-1929

சௌபாக்கியவதி அக்காவுக்கு சேஷு அநேக நமஸ்காரம். உபயக்ஷேமம்.

தசரா கூட்டம் இப்போதுதான் கலைந்திருக்கிறது. வீட்டில் வந்து தங்கியிருந்தவர்களெல்லாம் ரயிலேறிப் போனார்கள். அன்னபூர்ணி இரண்டு நாள் படுத்தே கிடந்தாள். மழை விட்டு, சாமுண்டி மலை கழுவிவைத்த மாதிரி நிற்கிறது. ரயில்வே ஆபீஸில் எனக்கு மேஜை மாறியிருக்கிறது, சம்பளம் மாறவில்லை.

நான் ‘நடுநிலையான்’ என்ற பேரில் எழுதுவது ஆபீஸில் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சென்ற வாரம் எங்கள் சூப்பரின்டெண்டு ஒரு பைலை நீட்டி, “நடுநிலையாக ஒரு நோட் எழுதிக்கொண்டு வாரும்” என்றார். நல்லவேளை, சமூக சீர்திருத்தம் எழுதினால் அவருக்கு ஆட்சேபமில்லை. ராஜாங்க விஷயம் மட்டும் கூடாது.

தையு விஷயம். அக்கா, நாம் இந்தச் சட்டத்தை வெகுநாளாக ஆதரித்து வருகிறோம். தேசத்தின் பாதி ஜனத்தொகையை அறியாப் பருவத்தில் கட்டிப்போட்டுவிட்டு மற்றப் பாதிக்கு சுயராஜ்யம் கேட்பது எப்படி என்பது நம்முடைய கேள்வி. இரண்டு வருஷம் பொறுத்தால் என்ன? கரூர்க்காரர் ஓடியா போய்விடுவார்? இருந்தாலும் நீங்கள் தீர்மானித்துவிட்ட பிறகு நான் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. லீவு கிடைக்கிறதா என்று பார்க்கிறேன்.

தையு உரக்கப் படிக்கிறாள் என்று கேட்டுச் சந்தோஷம். ‘ஜனத்தொகை’ என்ற இடத்தில் தடுக்காமல் படிக்கிறாளா?

இப்படிக்கு,
சேஷு

—

ஈரோடு,
11-3-1930

சேஷுவுக்கு அக்கா ஆசீர்வாதம்.

கல்யாணம் நடக்கவில்லை என்று தந்தி கொடுத்தோமே, பயந்திருப்பாய். கரூர்ப் பிள்ளைக்கு அம்மை வார்த்துவிட்டது. மூன்றாம் தண்ணீர் விட்டாயிற்று, பிழைத்துவிட்டான், முகத்தில் லேசாகத் தழும்பு விழுந்திருக்கிறதாம். உயிர் போதும் என்று மாரியம்மனுக்கு இங்கிருந்தே மாவிளக்குப் போட்டேன். ஆனால் மாசியும் போயிற்று. பையன் எழுந்து உட்காருவதற்குள் ஏப்ரலும் வந்துவிடும்.

இனி இந்த ஊரில் செய்ய முடியாது. மற்றவர்கள் அபராதத்தைக் கட்டிவிட்டுப் போகலாம். உன் அத்திம்பேர் சர்க்கார் உப்பைத் தின்கிறவர். மொட்டைக் கடுதாசி ஒன்று போனால் வேலை போய்விடும். கரூரிலோ, இன்னும் இரண்டு வருஷம் என்றால் வேறு இடம் பார்ப்போம் என்கிறார்கள். அதற்குள் பெண் பெரியவளாகிவிட்டால் அப்புறம் யார் வருவார்கள்? உனக்குத் தெரியாததா?

அதனால்தான் இதை எழுதுகிறேன். சட்டம் இங்கிலீஷ்காரன் சீமைக்கு மட்டும்தான், மகாராஜா சமஸ்தானத்தில் செல்லாது என்று வக்கீல் சொல்கிறார். மைசூரில் எட்டு வயது தாண்டினால் போதுமாம். எங்களுக்கு மைசூரில் உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? ஆனியில் நல்ல முகூர்த்தம் இருக்கிறது. உன் வீட்டு வாசலில் நாலு கால் நட்டுப் பந்தல் போட்டால் ஆயிற்று. நாங்கள் ஒரு ஐம்பது பேர் வருவோம். அன்னபூர்ணிக்குச் சிரமம் வைக்க மாட்டேன். சமையலுக்கு இங்கிருந்தே ஆள் கூட்டி வருகிறேன்.

சரி என்று ஒரு வரி எழுது.

அக்கா

—

மைசூர்,
27-3-1930

அக்காவுக்கு நமஸ்காரம்.

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன்.

நான் சொல்லப் போவதை நிதானமாகக் கேட்க வேண்டும். இந்தச் சட்டம் பாஸாவதற்கு முன்னும் பின்னுமாக நாம் எத்தனை வாரம் எழுதியிருக்கிறோம்! போன மாதம்கூட, ‘பிரிட்டிஷ் எல்லையைத் தாண்டி சமஸ்தானங்களுக்கு ஓடிக் கல்யாணம் செய்கிறவர்கள் சட்டத்தை அல்ல, தங்கள் குழந்தைகளையே ஏமாற்றுகிறார்கள்’ என்று எழுதினோம். அதை மதராஸ் பத்திரிகை ஒன்று எடுத்துப் போட்டது. அப்படி எழுதிய ஒருவன், தன் வாசலிலேயே பந்தல் போட்டால் ஜனங்கள் என்ன சொல்வார்கள்? பொதுக் காரியத்தில் ஈடுபட்டவனுக்குச் சொல்லும் செயலும் ஒன்றாக இருக்க வேண்டாமா? தவிரவும், வைத்தியர்களின் அபிப்பிராயம் என்ன, ஜனத்தொகைக் கணக்கு என்ன சொல்கிறது, மேல்நாடுகளில் எந்த வயதில் விவாகம் நடக்கிறது என்பதையெல்லாம் நாம் விஸ்தாரமாக எடுத்துக் காட்டியிருக்கிறோம். இதே மைசூர் ராஜ்யம் எல்லோருக்கும் முந்தி, தொண்ணூற்று நாலிலேயே சட்டம் போட்டது. அந்தப் பெருமையை இப்படி உபயோகிப்பது தர்மமா?

ஆகவே, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் என்னை மன்னிக்க வேண்டும்.

சேஷு

—

ஈரோடு,
5-4-1930

சேஷுவுக்கு.

கடிதம் வந்தது. இரண்டு தரம் ‘நாம்’ என்று எழுதியிருக்கிறாய். அது யார்? நீயும் அன்னபூர்ணியுமா, நீயும் பத்திரிகையுமா?

நான் ‘நடுநிலையா’னுக்கு எழுதவில்லை. அம்மா போனபோது நாலு வயதில் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு தூங்கினானே, அவனுக்கு எழுதினேன். அவன் அந்த விலாசத்தில் இல்லை போலிருக்கிறது.

வாலாம்பாள்

—

மைசூர்,
2-5-1930

அக்காவுக்கு,

அந்த விலாசத்தில்தான் இருக்கிறேன். வா. ஆனியில் பந்தல் போடலாம்.

அன்னபூர்ணியிடம் சொன்னேன். உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, “உங்களுக்குப் பத்திரிகைக்கு ஒரு நாக்கு, அக்காவுக்கு ஒரு நாக்கா?” என்றாள். “அக்கா முன்னால் எனக்கு நாக்கே கிடையாது, போ” என்றேன். பிறகு அவள்தான் தெருக்கோடி வீட்டுக்காரரிடம் பேசி, வருகிறவர்கள் தங்க அவருடைய மாடியையும் கேட்டு வைத்திருக்கிறாள். பால் கொடுக்கிற சென்னம்மா, “மதுவெ மனெயா? அப்படியானால் எருமை இரண்டையும் உங்கள் வீட்டுக்கே விட்டுவிடுகிறேன்” என்று இப்போதே கணக்குப் போடுகிறாள். கல்யாண வீடு என்றால் இந்தத் தெருவுக்கே ஒரு குஷி.

பத்திரிகையில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். ஒரு கையால் அதை எழுதிக்கொண்டு மறு கையால் பந்தல்கால் நட எனக்குத் தெரியவில்லை. ஆசிரியர் மாரிசாமியை உனக்குத் தெரியாது. கொள்ளேகாலத்துக்காரர், பட்டு வியாபாரத்தில் வந்த லாபத்தைப் பத்திரிகையில் விட்டுக்கொண்டிருப்பவர். ஆபீஸ் வாசலுக்கே வந்து நின்றுவிட்டார். “ஏனுங்க சாமி, வண்டி நின்னு போச்சுங்களா? மாடு படுத்துக்கிச்சா, அச்சு முறிஞ்சு போச்சா, அதையாச்சும் சொல்லுங்க” என்றார். அச்சுதான் முறிந்தது என்றேன். அந்த இடத்தில் தலைவலித் தைலத்துக்கு விளம்பரம் போட்டிருக்கிறார்.

வருத்தமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. நீ கேட்டு நான் இல்லை என்று சொன்ன அந்த ஒரு மாதம்தான் வருத்தம். முகூர்த்த நாளைக் குறித்து எழுது. பெங்களூரில் ரயில் மாற வேண்டும். யாராவது ஒருவர் ஸ்டேஷனில் நிற்க ஏற்பாடு செய்கிறேன்.

சேஷு

—

ஈரோடு,
20-5-1930

சிரஞ்சீவி சேஷுவுக்கு அக்கா ஆசீர்வாதம்.

வா என்று எழுதின உன் கடிதத்தைப் படித்து அழுதேன், சந்தோஷத்தில்தான். புடவை எடுக்க ஆள் அனுப்பினோம். எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

பேப்பர் வந்தது. தையு வழக்கம்போல் விளக்கடியில் உட்கார்ந்து புரட்டினாள். ‘தேசமும் நாமும்’ இல்லை. அடுத்த வாரமும் இல்லை. அதற்கடுத்த வாரம் உன் அத்திம்பேரே வாங்கிப் புரட்டினார். “தைலம்தான் இருக்கிறது” என்று மடித்து வைத்தார். அவர் முகம் எனக்கே பாவமாக இருந்தது. தையு, “மாமா ஏன் எழுதவில்லை?” என்று கேட்டாள். “உன் கல்யாண வேலை இருக்கிறதோன்னோ, அதனால்தான்” என்றேன். அந்தப் பெண், “அப்படின்னா மாமா எழுதினதெல்லாம் மத்தவாத்துப் பொண்களுக்கா?” என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. கணக்கில் சந்தேகம் கேட்பது மாதிரி கேட்டாள்.

மறுநாள் மத்தியானம் பழைய பேப்பர்களை எடுத்து, நீ இந்தச் சட்டத்தைப் பற்றி எழுதின எல்லாவற்றையும் நானே ஒருமுறை படித்தேன். தையு படித்துக் கேட்டபோது காதில் விழுந்தது பாதிதான். நன்றாக எழுதியிருக்கிறாய். டில்லி இருக்கிறது, சிம்லா இருக்கிறது, இங்கிலாந்து இருக்கிறது. எந்த டாக்டர் என்ன சொன்னார் என்று இருக்கிறது. இத்தனை எழுதினாயே, என்னைப் பற்றி ஒரு வரி எழுதத் தோன்றவில்லையா? என்னைப் புக்ககத்துக்கு அனுப்பினபோது நீ அந்த வீட்டில்தானே இருந்தாய்?

உன்னைக் குறை சொல்லவில்லை. நானே யாரிடமும் சொன்னதில்லை. ஒன்பதில் கல்யாணம், பன்னிரண்டில் இந்த வீட்டுக்கு வந்தேன். என்னை யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. மாமியார் தலை பின்னிவிடுவார். அதனால்தான் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன். பதின்மூன்றில் பிரசவம். மருத்துவச்சி மாதம்மா, “இந்தக் குழந்தைக்குள்ளே இன்னொரு குழந்தையா, சாமி” என்று சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது. பிள்ளை உயிரோடு பிறக்கவில்லை. நான் பிழைத்தது தெய்வாதீனம். அப்புறம் பத்துப் பதினொரு வருஷம் ஒன்றுமில்லை. பிறகு இந்தத் தையு. தையு ஏன் ஒற்றைப் பிள்ளை என்று நீ என்றாவது யோசித்தாயோ?

இதையெல்லாம் காகிதத்தில் எழுதினேன். எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. இதோடு வைத்திருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள், வேறு எதையும் திருத்தாதே. நீ எழுதாமல் காலியாகக் கிடக்கிற இடத்தில் போடு. என் பேரையே போடு. ஒளிந்துகொண்டு ‘நடுநிலை’யாக இருக்க நான் என்ன ரயில்வேயிலா உத்தியோகம் பார்க்கிறேன்?

அவரிடம் இன்னும் சொல்லவில்லை. கரூர்க்காரர்கள் கண்ணில் பட்டால் சம்பந்தம் முறியலாம். யோசித்துத்தான் அனுப்புகிறேன். மேளக்காரனுக்கு நிச்சயம் செய்துவிடாதே.

அக்கா

—

மைசூர்,
6-6-1930

அக்காவுக்கு அநேக நமஸ்காரம்.

போட்டாயிற்று. இரண்டு எழுத்துப் பிழைதான் இருந்தது. வேறு எதையும் தொடவில்லை.

உன் காகிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அப்போது ஏழு வயது இருக்குமா? ஈரோட்டில் உன்னைப் பார்க்க அப்பாவோடு வந்தது ஞாபகம் இருக்கிறது. நீ சுவரோரமாகப் படுத்திருந்தாய். “அக்காவுக்கு ஜுரம், தொந்தரவு பண்ணாதே” என்றார்கள். நான் ஜுரம் என்றே இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஜனத்தொகைக் கணக்குப் புஸ்தகத்தில் பிரசவத்தில் போன பெண்களின் எண்ணிக்கையைப் பார்த்து எழுதும்போதுகூட அந்தச் சுவர் ஞாபகம் வரவில்லையே!

மாரிசாமி அதை நின்றபடியே படித்தார். படித்து முடித்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “சாமி, நீங்க எழுதுனா சனம் படிச்சுப்போட்டுப் பேசிக்கும். இந்தம்மா எழுதுனதைப் படிச்சுப்போட்டு எவனும் பேசமாட்டானுங்க” என்றார். அதேபோல்தான் ஆயிற்று. ஆபீஸில் எல்லோர் மேஜையிலும் பேப்பர் இருந்தது, ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் எங்கள் சூப்பரின்டெண்டு மட்டும் என்னிடம் வந்து, “வாலாம்பாள் என்பது உம்முடைய சகோதரியா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “என் பெண்ணுக்குப் பதினொன்று” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்னபூர்ணி அதைச் சென்னம்மாவுக்குக் கன்னடத்தில் சொன்னாள். சென்னம்மா பால் செம்பை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். “நிம்ம அக்கனா இது?” என்று கேட்டாள். ஆமாம், எங்கள் அக்காதான் என்று அன்னபூர்ணி சொன்ன குரலை நீ கேட்டிருக்க வேண்டும், ஏதோ அவளோடு கூடப்பிறந்தவள் மாதிரி.

எல்லாம் சரி. எனக்குப் பயமாக இருக்கிறது. அத்திம்பேர் பார்த்தாரா? என்ன சொன்னார்? மேளக்காரனிடம் இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை. உடனே எழுது.

சேஷு

—

ஈரோடு,
28-6-1930

சிரஞ்சீவி சேஷுவுக்கு அக்கா அநேக ஆசீர்வாதம்.

உடனே எழுது என்றாய். எழுதுவதற்கு ஏதாவது நடக்க வேண்டாமா? நடந்த பிறகு எழுதுகிறேன்.

பேப்பர் வந்தபோது நான் கொல்லையில் இருந்தேன். தையு படிக்க ஆரம்பித்திருக்கிறாள். தலைப்பு, பேர், இரண்டு வரி. அதற்குள் அவர், “கொடு இங்கே” என்று வாங்கிக்கொண்டாராம். நான் வந்து பார்த்தபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார். நான் சமையலறைக்குப் போய்விட்டேன். எத்தனை வயதானால் என்ன, அவர் கோபித்துக்கொண்டால் எனக்கு இன்னும் பன்னிரண்டு வயதுதான்.

கோபித்துக்கொள்ளவில்லை. சாப்பிட்டார், கச்சேரிக்குப் போனார், வந்தார். இப்படியே நாலைந்து நாள் போயிற்று. ஒரு நாள் சாயங்காலம் நான் பூத்தொடுத்துக்கொண்டிருந்தபோது எதிரே வந்து உட்கார்ந்தார். “எனக்கு அப்போ பதினெட்டு. என்னை வெளியிலே உட்கார வச்சுட்டா. என்ன நடக்கறதுன்னு யாரும் என்கிட்டேயும் சொல்லலை” என்றார். அவ்வளவுதான். ஒரு முழம் பூவை அவரே நறுக்கி என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

கரூரிலிருந்து கடிதம் வரும், சம்பந்தம் வேண்டாம் என்று எழுதுவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தோம். கடிதம் வரவில்லை. போன வெள்ளிக்கிழமை வாசலில் ஒரு ஜட்கா வந்து நின்றது. பிள்ளைக்கு அம்மா, தனியாக, ஒரு வேலைக்காரியை மட்டும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காபி கொடுத்தேன். குடிக்காமல் வைத்துக்கொண்டே, “எனக்கு ரெண்டு போச்சு. ஜகதீசன் மூணாவது” என்றாள். எந்த வயதில் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இரண்டு பேருமாகக் கொஞ்சம் அழுதோம். அப்புறம் காபி ஆறிவிட்டதென்று வேறு கலந்துகொண்டு வந்தேன்.

போகும்போது சொன்னாள்: “எங்காத்துக்காரர் ரெண்டு வருஷம் காத்திருக்கறதாவதுன்னு குதிச்சார். நான் இந்தப் பொண்ணைத் தவிர வேற பொண்ணுக்குச் சம்பந்தி ஆகமாட்டேன்னு சொல்லிட்டேன். பிள்ளையும் பி.ஏ. முடிக்கணும்கறான். முகத்தழும்பும் அதுக்குள்ளே மங்கிடும்.” கடைசி வார்த்தைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் அவர் கச்சேரியிலிருந்து வருவது கூடத் தெரியவில்லை.

ஆக, பந்தல் வேண்டாம். தெருக்கோடி வீட்டுக்காரரிடம் அன்னபூர்ணியை மன்னிப்புக் கேட்கச் சொல். சென்னம்மாவின் எருமைகளுக்கு வேறு கல்யாணம் பார்த்துக்கொள்ளட்டும். தையு இந்த வருஷமும் பள்ளிக்கூடம் போகிறாள். நீ எழுத ஆரம்பிக்கலாம். தைலத்தை எத்தனை வாரம்தான் படிப்பது?

அக்கா வாலாம்பாள்

—

மைசூர்,
9-3-1932

அக்காவுக்கும் அத்திம்பேருக்கும் அநேக நமஸ்காரம்.

தையுவின் கல்யாணத்திலிருந்து திரும்பி வந்து ஒரு மாதமாகப் போகிறது, அன்னபூர்ணி இன்னும் அதைப் பற்றித்தான் பேசுகிறாள். ஈரோட்டிலேயே, பட்டப்பகலில், தாசில்தார் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க நடந்த கல்யாணம்! பதினாலு முடிந்த பெண்ணைத் தோளில் தூக்க முடியாமல் நான் தள்ளாடினதை மட்டும் அவள் தெரு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள். தையு பரீட்சைக்குப் படிக்கிறாளா? மாப்பிள்ளை அவளுக்குத் தனியாகக் கடிதம் போடுகிறாராமே?

இப்போது காரியத்துக்கு வருகிறேன். நீ இந்த ஒன்றரை வருஷமாக மாதம் ஒன்றாக எழுதி வருவதில் சென்ற மாதம் எழுதின வோட்டுரிமைக் கட்டுரைதான் எல்லாவற்றிலும் உசத்தி. பெண்களுக்கு வோட்டு யாருக்கெல்லாம் கொடுக்கலாம் என்று டில்லியிலிருந்து ஒரு கமிட்டி ஊர் ஊராக விசாரிக்கிறதே, அதற்கு நீ கேட்ட கேள்வியை நான் கேட்டிருக்கமாட்டேன். ‘புருஷனுக்குச் சொத்து இருந்தால் பெண்டாட்டிக்கு வோட்டாம். அப்படியானால் வோட்டு சொத்துக்கா, பெண்டாட்டிக்கா?’ மாரிசாமி அந்த வரியைப் பெரிய எழுத்தில் போட்டார்.

அதற்கு மறுப்பு ஒன்று வந்திருக்கிறது. ‘குடும்பஸ்தன்’ என்று கையெழுத்து. தபால் முத்திரை ஈரோடு. சம்சாரம் ஒரு வண்டி, அதற்கு இரண்டு சாரதி ஆகாது என்று ஆரம்பித்து, நாலு பக்கத்துக்கு உன்னை மரியாதையாக விளாசியிருக்கிறார். கையெழுத்தை மாற்றித்தான் எழுதியிருக்கிறார். ஆனால் ‘மேற்படி’, ‘மேற்கண்டவாறு’, ‘சமூகத்தின் தயவான பார்வைக்கு’ என்று பாராவுக்கு ஒன்று வருகிறது. தாலுகா கச்சேரியில் இருபத்தைந்து வருஷம் இருந்தவரைத் தவிர வேறு யாரும் இப்படி எழுத முடியாது.

நகல் இதோடு வைத்திருக்கிறேன். போடட்டுமா, வேண்டாமா? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

சேஷு

—

ஈரோடு,
14-3-1932

சிரஞ்சீவி சேஷுவுக்கு அக்கா அநேக ஆசீர்வாதம்.

அதுதானா சங்கதி! பத்து நாளாக மனுஷர் சாப்பிட்டுவிட்டுக் கச்சேரிக் காகிதம் இருக்கிறதென்று உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டார். நான் போனால் எதையோ தலையணைக்கு அடியில் தள்ளுவார். ஒரு நாள் என்னிடம், “சாரதின்னா ஒருத்தனா, ரெண்டு பேரா?” என்று சம்பந்தமில்லாமல் கேட்டார். ஜட்காவுக்கு ஒருத்தன் போதும், ரயிலுக்கு இரண்டு பேர் வேண்டும் என்றேன். யோசனையாகப் போய்விட்டார்.

தையுவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. பிழை திருத்திக் கொடுத்ததே அவள்தானாம். கேட்டால், “ரெண்டு கட்சிக்கும் நான் பொதுதானே அம்மா” என்கிறாள். மாப்பிள்ளை வாரம் ஒரு கடிதம் போடுகிறார். அவள் என்ன பதில் எழுதுகிறாள் என்று நான் கேட்பதில்லை. பரீட்சை முடிந்து கோடைக்கு அப்புறம்தான் கரூருக்குப் போவது என்று அவளும் மாமியாருமே பேசி வைத்திருக்கிறார்கள்.

இன்று காலையிலிருந்து இவர் தபால்காரனை நாலு தடவை விசாரித்துவிட்டார். பேப்பர் வருகிற நாளே இல்லை இது. காபியைக் கொடுக்கும்போது முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும் ஒன்றும் தெரியாதவள் மாதிரிதான் இருக்கிறேன். அச்சில் பேரைப் பார்த்து அவர் முகம் எப்படி ஆகிறது என்று பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

நீ அனுப்பின நகலை இரண்டு முறை படித்தேன். போடு. ஒரு வரியும் வெட்டாதே. அடுத்த வாரத்துக்கு எனக்கு இரண்டு பத்தி இடம் ஒதுக்கிவை, பதில் எழுத வேண்டும். சொன்னதில் ஒன்றாவது சரியாக இருக்கிறதா பார்! ஆனால் சேஷு, மனுஷர் தமிழ் எவ்வளவு அழகாக எழுதுகிறார்!

அக்கா வாலாம்பாள்